தங்கச்சிமடம் குடும்பம்: ஆறு கார்டு

அருள்: மாடி அறைச் சாவி யாரிடம்? சாயங்காலம் மதுரையில் இருந்து சாமான் வருகிறது

பாம்பன் அத்தை: என்ன சாமான்

அருள்: ஆறு கிராபிக்ஸ் கார்டு, பழசு. ஆர்எக்ஸ் 580, 8 ஜிபி. போர்டு, கார்டை போர்டோடு இணைக்கிற ரைசர், பவர் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ் எல்லாம் சேர்த்து. சட்டம் மரத்தில் நானே அடித்துவிடுவேன். மீன்பிடித் தடைக்காலம் முடிகிற வரை சும்மா இருப்பதற்கு கிரிப்டோ மைனிங் போடலாம். கார்டை ராப்பகலாகக் கணக்குப் போட விட்டால் டிஜிட்டல் காயின் கிடைக்கும்

பாம்பன் அத்தை: அந்த அறையில் என் நெத்திலிக் கருவாடு இருக்கிறது

பெரியப்பா: இன்ஜின் சர்வீஸுக்கு வைத்த பணமா?

சென்னை அண்ணன்: அட்வான்ஸ் கொடுத்துவிட்டாயா?

அருள்: 5000

சென்னை அண்ணன்: மீதியைக் கொடுக்கும் முன் இதைப் படி. வீட்டில் கார்டு வைத்துச் சம்பாதித்தவர்கள் பெரும்பாலும் எத்தேரியம் என்ற காயினை எடுத்தவர்கள். 2022 செப்டம்பர் 15 அன்று அது ப்ரூஃப் ஆஃப் ஸ்டேக் முறைக்கு, அதாவது கணக்குப் போடுவதற்குப் பதில் காயினையே பிணையாக வைக்கிற முறைக்கு மாறியது. அன்றோடு அதற்குக் கார்டே வேண்டாம். மைனிங்கில் ராப்பகலாக ஓடித் தேய்ந்த கார்டுகள்தான் அப்போதிருந்து சந்தைக்கு வருகின்றன. பிட்காயினுக்கு ஏசிக் என்று அதற்காகவே செய்த தனி மெஷின், கார்டால் எட்டவே முடியாது. கார்டுக்கு மிச்சம் ரேவன்காயின், எத்தேரியம் கிளாசிக் மாதிரி சின்னக் காயின்கள்தான்

சென்னை அண்ணன்: கார்டுக்கு 120 வாட் வைத்தாலும் ஆறுக்கு 720. போர்டு, ஃபேன் சேர்த்தால் 850. நாளுக்கு 20 யூனிட், இரண்டு மாதத்துக்கு 1200. வீட்டு உபயோகம் தனி. இரண்டு மாதத்தில் 1000 தாண்டினால் அதற்கு மேல் யூனிட்டுக்கு 11 ரூபாய்க்கும் அதிகம்

பெரியப்பா: ஈபி அட்டை என் பெயரில்

சின்னச் சித்தி: போன தடவை பில்லையே இன்னும் யாரும் பகிரவில்லை. ஏசி போட்டது யார்?

ஸ்டீபன் மச்சான்: சித்தி, அது வேண்டாம் இப்போது

ஸ்டீபன் மச்சான்: சோலார் போட்டால்? கமுதியில் 648 மெகாவாட் சோலார் நிலையமே ஓடுகிறதே

பெரியப்பா: 3 கிலோவாட்டுக்கு 78,000 மானியம் தருகிறார்கள். நம் வீட்டுக்கே போடலாம் என்று எத்தனை தடவை சொன்னேன்

சின்னச் சித்தி: ஐஸ் பெட்டி வாங்கியபோதும் இப்படித்தான் ஆரம்பித்தது

அருள்: காயினை விற்காமல் வைத்திருப்பேன். விலை ஏறும் அண்ணா

சென்னை அண்ணன்: அப்படியானால் கரண்டுக்குக் கட்டுகிற பணத்தில் காயினையே வாங்கிவிடலாமே. விற்றால் 30 சதவீத வரி, கரண்ட் செலவைக் கழிக்கவும் முடியாது. அப்புறம் நம் ஊர் உப்புக்காற்று. திறந்த சட்டத்தில் ஃபேன் அதைத்தான் இழுக்கும், செம்பு பச்சை பூத்துவிடும். கதவை அடைத்தால் சூடு. எப்படிச் செய்தாலும் ரைசருக்கு சாட்டா ஒயரில், அதாவது ஹார்ட் டிஸ்குக்குப் போகிற ஒயரில், பவர் கொடுக்காதே. அது தாங்குவது 54 வாட், ரைசர் 75 வரை இழுக்கும். உருகித் தீப்பிடிக்கும்

பாம்பன் அத்தை: தீயா!! மாதாவே

சென்னை அண்ணன்: ஒரே ஒரு கார்டு வாங்கு. ஓட்டிப் பார்த்து, ஃபேன் சத்தம் கேட்டு வாங்கு. கல்யாண வீடியோ எடிட்டிங் உனக்கு நன்றாக வரும், தடைக்காலத்தில்தான் நம் பக்கம் கல்யாணமும் அதிகம்

ஸ்டீபன் மச்சான்: மே மாதம் நம் வீட்டிலேயே இரண்டு

பாம்பன் அத்தை: இரண்டா? யாருக்கு? எனக்கு ஏன் சொல்லவில்லை

பெரியப்பா: ஞாயிறு பூசை முடிந்து பேசுவோம்

அருள்: அதற்குள் கார்டு போய்விடும்

சின்னச் சித்தி: போகட்டும்

சென்னை அண்ணன்: அருள், ஃபோன் போடுகிறேன். எடு