தம்பி மறியலில், குளிசைக்கு யார் காசு?

மூதூர் அக்கா:
தம்பிக்கு 24 வயது. நாலு வருடமாகத் திருகோணமலை பெரியாஸ்பத்திரியில் மனநலக் கிளினிக் காட்டுகிறோம். போன கிழமை பக்கத்து வளவுக்காரரோடு வேலிச் சண்டை. பொலிஸ் பிடித்து, நீதவான் 14 நாள் விளக்கமறியல் கொடுத்துவிட்டார்.

பிடித்துக்கொண்டு போன இரவில் இருந்து குளிசை இல்லை. கிளினிக் கொப்பி இங்கே அலுமாரிக்கு மேல்தான் கிடந்தது, எனக்கும் அப்போது புத்தி வேலை செய்யவில்லை. நாலாம் நாள் பார்க்கப் போனேன். என்னைப் பார்க்காமல் கம்பி வலையின் கண்களை விரல் வைத்து எண்ணிக்கொண்டு நின்றான். நித்திரை இல்லாத இரவுகளில் வீட்டில் கூரை ஓடுகளை எண்ணுவான், அதே மாதிரி.

வெளியில் வாங்கச் சொல்லி ஒரு துண்டு தந்தார்கள். பாமசியில் 10 நாளுக்கு 2,640 ரூபா. ஆஸ்பத்திரியில் சும்மா கிடைக்கிற குளிசை, மறியலுக்குள் போனதும் ஏன் காசாகிறது?

ஓய்வுபெற்ற தாதி:
காசாகக் கூடாது தங்கச்சி. அரச ஆஸ்பத்திரியில் மனநலச் சிகிச்சை இலவசம், மறியல்காரருக்கும் அப்படித்தான். ஸ்டொக் இல்லாவிட்டால்தான் வெளித்துண்டு வரும். 2022 நெருக்கடிக் காலத்தில் வாட்டில் நாங்களே எத்தனை துண்டு எழுதிக் கொடுத்தோம்!

முதலில் கொப்பியோடு கிளினிக்குக்குப் போங்கள். நோயின் பெயர், குளிசை, அளவு எல்லாம் போட்டு டொக்டரிடம் கடிதம் கேளுங்கள். ஒரு பிரதியைச் சிறைச்சாலையில் மருந்துக்குப் பொறுப்பானவரிடம் கொடுங்கள், இன்னொன்று சட்டத்தரணிக்கு. அடுத்த தவணையில் அவர் எடுத்துச் சொன்னால், மனநல வைத்தியரிடம் காட்டி அறிக்கை எடுக்க நீதவான் கட்டளையிடலாம். தேவைப்பட்டால் அங்கொடை மனநல ஆஸ்பத்திரிக்கும் அனுப்புவார்கள். சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போங்கள். உங்களுக்கே மனம் தாங்காவிட்டால் 1926க்கு எடுங்கள், அங்கொடை மனநல நிறுவனத்தின் இலக்கம். சோற்றுப் பார்சலுக்குள் மட்டும் குளிசையை ஒளித்துக் கொடுத்துவிடாதீர்கள்.

உப்புவெளிப் பெடியன்:
அக்கா, நான் இப்போது அமெரிக்காவில் ஒரு கவுண்டி ஜெயிலில் இரவு நேர்ஸ். கவுண்டி என்றால் எங்கள் மாவட்டம் மாதிரி. இங்கே ஏழைகளுக்கு மெடிக்கெய்ட் என்று அரசுக் காப்புறுதி இருக்கிறது. ஆனால் 1965இல் சட்டம் வந்த நாளிலிருந்தே ஜெயிலுக்குள் இருக்கிறவருக்கு அது பெரும்பாலும் காசு கட்டாது, குற்றம் நிரூபிக்கப்படாவிட்டாலும்தான். வெளி ஆஸ்பத்திரியில் 24 மணிநேரத்துக்கு மேல் படுத்தால் அந்தச் செலவை ஏற்கும். மிச்சமெல்லாம் கவுண்டியின் தலையில். இங்கேயும் முதல் இரண்டு மூன்று இரவுதான் ஆபத்து. உள்ளே வந்தவருக்கே என்ன குளிசை என்று சொல்லத் தெரியாது, வீட்டுக்காரர் போனை எடுக்கமாட்டார்கள். அந்தக் கடிதத்தை நாளைக்கே எடுங்கள்.

மூதூர் அக்கா:
முதல் பஸ்ஸில் போய்க் கடிதம் எடுத்துவிட்டேன், தாதி அம்மா. இரண்டு குளிசையில் ஒன்று கிளினிக்கிலேயே இருந்தது, மற்றது திங்கட்கிழமை வருமாம். அதுவரைக்கும் ஆறு மட்டும் கடையில் வாங்கி, கடிதத்தோடு சிறைச்சாலையில் ஒப்படைத்தேன். அதற்குப் பிறகு இரண்டு நாள் கழித்துப் பார்க்கப் போனேன். வலையை எண்ணவில்லை. அம்மா மாசிச் சம்பல் தந்துவிட்டாவா என்று கேட்டான்.