மறு: := குறிக்குத் தமிழில் என்ன பெயர்?

வணக்கம்.

பைத்தான் நிரல்மொழியின் 3.8 பதிப்பு (அக்டோபர் 2019) கொண்டுவந்த := குறியைத் தமிழில் எப்படி அழைப்பது என்ற கேள்விக்கு இங்கே இதுவரை மூன்று பெயர்கள் வந்துவிட்டன: 'மதிப்பிருத்து கூற்று', 'ஒதுக்கீட்டுக் கோவை', 'கடற்பசுக் குறி'. இதற்கான முன்மொழிவு, பெப் 572, கிளப்பிய சண்டையில் அலுத்துப்போய், பைத்தானை உருவாக்கிய குயிடோ வான் ரோசமே 2018 ஜூலையில் தலைமைப் பொறுப்பை விட்டார். நாம் பெயருக்காக மல்லுக்கட்டுவது ஒன்றும் பெரிதில்லை.

'மதிப்பிருத்து கூற்று' எனக்கு உடன்பாடில்லை. அது சாதாரண = வரியின் பெயர். எ = 5 என்பது கூற்று (statement); வேலையைச் செய்துவிட்டுச் சும்மா இருக்கும், மதிப்பு எதையும் திருப்பித் தராது. அதனால்தான் அதை இஃப் (if) நிபந்தனைக்குள் நுழைக்க முடியாது. (எ := 5) என்று எழுதினால் எ-யில் 5 போய் உட்காரும், அடைப்புக்குள் இருக்கும் மொத்தத்தின் மதிப்பும் 5 ஆகும். கூற்றாக இல்லாமல் இருப்பதுதான் இதன் விசேஷமே! சி மொழியில் வெறும் = குறியே இப்படி மதிப்புத் தரும்; சமமா என்று ஒப்பிடும் == போட வேண்டிய இடத்தில் = போட்டு இரவெல்லாம் பிழை தேடியவர்கள் இங்கே இருப்பீர்கள். பைத்தானில் தனிக் குறி வைத்திருப்பதால் அந்தத் தொல்லை இல்லை.

ஆகவே என் பரிந்துரை 'மதிப்பிருத்து கோவை'. கோவை என்றால் மதிப்புத் தரும் தொடர் (expression). இயற்கணிதக் கோவை என்று பள்ளியிலேயே பழகிய சொல்தான். (கோயம்புத்தூர்க்காரர்கள் பொறுத்தருள்க.) 'ஒதுக்கீட்டுக் கோவை' வேண்டாம், நினைவக ஒதுக்கீட்டோடு குழம்பும். புதியவர்களுக்கு நான் சொல்லும் விளக்கம் இது: ஒரு பட்டியலின் நீளத்தைக் கணக்கிட்ட கையோடு ஒரு பெயரில் போட்டுவை, அடுத்த வரியில் மறுபடி கணக்கிடாதே.

அப்புறம் அந்தச் செல்லப்பெயர். இரு கண்ணும் இரு தந்தமும் போலத் தெரிவதால் ஆங்கிலத்தில் வால்ரஸ் என்கிறார்கள். 'கடற்பசுக் குறி' என்ற யோசனை அழகு, ஆனால் விலங்கு வேறு. கடற்பசு நம் பாக் நீரிணையில் வாழும் ஆவுளியா. வால்ரஸ் வடதுருவப் பக்கத்துப் பிராணி, நீண்ட தந்தம் அதற்குத்தான். 'தந்தக் குறி' என்றால் என்ன? விலங்கின் பெயரே தெரியாதவருக்கும் வடிவம் பிடிபடும்.

இன்னொன்று. 'மதிப்பிருத்துக் கோவை' என்று ஒற்று போட்டுத் திருத்த யாரோ கிளம்புவீர்கள். இது ஊறுகாய் போல வினைத்தொகை, வல்லினம் மிகாது.