தங்கச்சிக்கு வீடு கட்டுவதுதான் நம் பொடியன்களின் இலட்சியமா?

படுவான்கரையான்:
நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார்: "மட்டக்களப்புப் பிள்ளைகளின் பண்பும் இலட்சியமும் தாய்வழி மரபு தந்தவை. வீடு பெண்ணுக்கு என்ற வழக்கம் இருப்பதால்தான் இங்கே பெண்பிள்ளை தலைநிமிர்ந்து வளர்கிறாள், ஆண்பிள்ளை பொறுப்போடு வளர்கிறான்." ஆளாளுக்கு அதைப் பகிர்ந்து புல்லரிக்கிறீர்கள். எனக்கு வயிறு எரிகிறது.

பொறுப்பு என்று நீங்கள் சொல்வது எது தெரியுமா? ஏ.எல். என்கிற உயர்தரப் பரீட்சையில் கணிதப் பிரிவில் நல்ல பெறுபேறு எடுத்த பொடியன், கம்பஸ் கிடைக்குமா என்று பார்த்திருக்காமல் கட்டாருக்கு ஏறியது. அக்காவுக்குச் சம்பந்தம் சரிவந்துவிட்டது, வீடோ சுவர் மட்டத்தில் நிற்கிறது. அந்தப் பொடியன் நான்தான். தோஹா வெயிலில் கம்பி கட்டின காசில்தான் அந்த வீட்டுக்குக் கூரை ஏறியது. மரபு எனக்கு இலட்சியம் தரவில்லை. இருந்த இலட்சியத்தையும் பிடுங்கிக்கொண்டது.

வாவிக்கரை:
அதை எழுதியது நான்தான் தம்பி. ஒரு சொல்லையும் மாற்றப் போவதில்லை.

நீங்கள் கூரையை மட்டும் பேசுகிறீர்கள். வீடு நிற்கிற அந்த வளவு, அந்தக் காணி யாருடையது? அம்மாவுடையது. அம்மாவுக்கு அம்மம்மா எழுதிக் கொடுத்தது. என் வீட்டுக் கதையும் அதேதான். என் புருஷன் குடித்துவிட்டு வந்து எதையும் உடைப்பார், ஆனால் "வெளியே போ" என்று மட்டும் அவரால் சொல்ல முடியாது. காணி உறுதிப் பத்திரம் என் பெயரில். ஒருநாள் நான்தான் அவரைப் படலைக்கு வெளியே நிற்க வைத்தேன். முற்றத்தில் நின்று அதைப் பார்த்த மகள் இன்று சட்டம் படிக்கிறாள். இந்தத் துணிவு அவளுக்குப் புத்தகத்திலிருந்தா வந்தது?

படுவான்கரையான்:
வளவு அம்மம்மாவுடையது, சரி. வீட்டைக் கட்டினது யார்?

காரைதீவான்:
குடும்பம்தான் இலட்சியத்தைத் தருகிறது என்றால் எங்கள் ஊரில் விபுலாநந்தர் எப்படி வந்தார்? 1892இல் காரைதீவில் மயில்வாகனனாகப் பிறந்த பிள்ளை. லண்டன் பி.எஸ்ஸி. எடுத்தார். அந்தக் காலத்தில் அதை வைத்துக்கொண்டு எவ்வளவு வசதியாக இருந்திருக்கலாம்! துறவியானார். 1929இல் கல்லடியில் சிவானந்த வித்தியாலயத்தை எழுப்பினார். பிறகு பழந்தமிழ் யாழை ஆராய்ந்து யாழ் நூல் எழுதினார். எந்தக் குடும்பம் பிள்ளைக்குத் துறவை இலட்சியமாகக் கொடுக்கும்?

வாவிக்கரை:
சுவாமி பௌதிகம் படித்தவர்தான். ஆனால் அந்த மூளையைக் கொண்டுபோய்ச் சிலப்பதிகாரத்து யாழில் ஏன் வைத்தார்? வைகாசி வந்தால் ஊரெல்லாம் கண்ணகி அம்மன் குளிர்த்தி பாடுகிற மண்ணில் வளர்ந்த காது அது. இன்னோர் ஊரில் பிறந்திருந்தால் வேறு ஏதாவது ஆராய்ந்திருப்பார். மரபு வேலை செய்வது இப்படித்தான். கட்டளை போடாது, ஊறிப் போயிருக்கும்.

படுவான்கரையான்:
சுவாமி துறவி, நான் கம்பி கட்டினவன். அவரை இதற்குள் இழுக்க வேண்டாம். நான் கேட்டது ஒரே கேள்வி. வீட்டைக் கட்டினது யார்?

கச்சேரியடி:
சட்டம் தெரியாமல் ஆளுக்கு ஆள் மரபு மரபு என்கிறீர்கள். முக்குவர் சட்டம் என்று இங்கே ஒன்று இருந்தது. அதன்படி ஒருவருடைய முதுசம், அதாவது பரம்பரைச் சொத்து, அவருடைய மகனுக்குப் போகாது, சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும். 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச்சட்டத்தோடு அது முடிந்தது. யாழ்ப்பாணத்தாருக்குத் தேசவழமைச் சட்டம் இன்றும் இருக்கிறது, நமக்கு அப்படி ஒன்றும் மிஞ்சவில்லை. இன்று இங்கே ஒரு தமிழ்க் குடும்பத்தில் தாய் தகப்பன் உயில் எழுதாமல் கண்மூடினால் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. அதனால்தான் கலியாணத்தோடு சீதன உறுதி முடிக்கிறார்கள். ஆக, சட்டம் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. நாமே விரும்பித்தான் செய்கிறோம்.

படுவான்கரையான்:
"நாமே" என்றால் யார் ஐயா? என்னை யாரும் கேட்கவில்லை. அப்பா கேட்கவில்லை, மாமா கேட்கவில்லை. மாமா வந்து முற்றத்தில் கதிரை போட்டு இருந்துகொண்டு "தம்பிதான் எல்லாம் பார்ப்பான்" என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் சொன்னார். நான் குசினி வாசலில் தேத்தண்ணீர்த் தட்டோடு நிற்கிறேன். என் முகத்தைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. இதுதான் உங்கள் 'விரும்பி'.

மறுகா நடந்ததையும் சொல்கிறேன். அக்கா கலியாணம் முடித்து அந்த வீட்டில் இருந்தாள். அம்மாவும் அப்பாவும் பின்னால் தகரம் போட்ட பத்திக்குள் போனார்கள். சின்னவளுக்கு அடுத்த வீடு தொடங்கினது. நான் திரும்பவும் பிளேன் ஏறினேன். இரண்டு வீட்டிலும் என் பெயரில் ஒரு கதவுகூட இல்லை. விடுமுறையில் வந்தால் மச்சானின் வீட்டுத் திண்ணையில் பாய்.

கல்முனைக்குடி நானா:
எங்கள் பக்கமும் இதேதான் தம்பி. தமிழ் ஆட்களுக்கு மட்டும் சொந்தமான வழக்கம் போல எழுதுகிறீர்கள். கரையோரம் முழுக்க எங்கள் ஊர்களில் குடி என்கிற வம்சப் பிரிவு தாய்வழிதான், பள்ளிவாசல் நிர்வாகத்தில் குடிக்கு ஒரு மரைக்காயர் இருந்தார், வீடு பெண்ணுக்குத்தான். என் வாப்பா மூன்று ராத்தாமாருக்குக் கட்டினார். இளையவன் நான் இப்போதும் மனைவி வீட்டில்தான் இருக்கிறேன், எனக்கு அதில் ஒரு குறைச்சலும் இல்லை. மாமி கையால் சோறு.

படுவான்கரையான்:
வாப்பா கட்டினார், சரி நானா. நீங்கள் கட்டவில்லையே? உங்களுக்குக் குறைச்சல் எப்படித் தெரியும்?

போடியார் பேரன்:
புலம்பல் போதும். ஆண்பிள்ளை என்றால் சுமக்கத்தான் வேண்டும். எங்கள் அப்பப்பா போடியார், பெரிய வயல்காரர். மகாபோக வெட்டு என்றால் எங்கள் களத்தில் பத்து ஊர்ச் சனம். கோயில் திருவிழாவில் எங்கள் குடிக்குத்தான் முதல் காளாஞ்சி, கோயில் மரியாதை. அப்படி ஒரு குடும்பத்தில் பிறந்த பிள்ளை களவெடுக்காது, கஞ்சா அடிக்காது. தெருவில் கால் பிசகினாலும் "இன்ன குடிப் பொடியன்" என்று சொல்லிவிடுவார்கள் என்ற பயம் இருக்கும். அந்தப் பயம்தான் பண்பு. வரலாறு இல்லாத குடும்பங்களுக்கு இது விளங்காது.

காரைதீவான்:
பேரனாரே, குடி தாய்வழி. அப்பப்பாவின் குடி உங்கள் அப்பாவுக்கே வராது, உங்களுக்கு எங்கே வரும்? அந்தக் காளாஞ்சி உங்கள் மாமியின் பிள்ளைகளுக்குக்கூட இல்லை. இதுகூடத் தெரியாமலா மரபைப் பற்றி வகுப்பெடுக்கிறீர்கள்?

போடியார் பேரன்:
எங்கள் அப்பப்பாவும் அம்மம்மாவும் ஒரே குடிதான். வாயை அடக்கு.

காரைதீவான்:
அப்படியென்றால் அப்பப்பா உங்கள் அம்மம்மாவுக்குச் சகோதர முறை. அவர் மகன் அவர் மருமகளைக் கட்டியிருக்கிறார், அதாவது சொந்த மச்சாள் முறை. நல்ல சம்பந்தம்தான். ஆனால் முதல் காளாஞ்சி உங்கள் குடிக்கு என்று எந்தக் கோயிலில் எழுதியிருக்கிறது? பெயரைச் சொல்லுங்கள், அந்தக் கோயிலை நிர்வகிக்கிற வண்ணக்கரிடமே கேட்போம்.

போடியார் பேரன்:
கோயில் பெயரை உன்னிடம் சொல்ல வேண்டிய தேவை எனக்கில்லை. எங்கள் ஊரில் எவரையும் கேள். முதல் காளாஞ்சி எங்களுக்குத்தான்.

வாவிக்கரை:
காளாஞ்சிச் சண்டையை வேறெங்காவது வைத்துக்கொள்ளுங்கள்.

படுவான்கரைத் தம்பிக்கு ஒன்று சொல்கிறேன். 2004 சுனாமிக்குப் பிறகு கடற்கரைப் பக்கம் வீடு கட்டிக் கொடுத்தார்கள். படிவத்தில் 'குடும்பத் தலைவர்' என்று ஒரு கட்டம். பல இடங்களில் கணவன் பெயரை எழுதிவிட்டார்கள். அலை அள்ளிக்கொண்டு போனது அம்மம்மா வழி வந்த வளவு, திருப்பிக் கொடுத்தது ஆம்பிளை பெயரில். எனக்குத் தெரிந்த ஒருத்தி அந்த உறுதிக் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். பிறகு அந்த மனுஷன் வேறொருத்தியைக் கூட்டி வந்தபோது இவள் பிள்ளைகளோடு தாய் வீட்டுத் திண்ணைக்குப் போனாள். வழக்கம் போனால் என்ன நடக்கும் என்பதைக் கண்ணால் கண்டவள் நான். எனக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டாம்.

படுவான்கரையான்:
அந்த அக்காவுக்கு நடந்தது அநியாயம். ஆனால் அதற்கும் என் கேள்விக்கும் என்ன சம்பந்தம்? பெண் பெயரில் வீடு இருக்கட்டும், நூறு வீடு இருக்கட்டும். அதைக் கட்டுவதற்கு ஒரு பொடியனின் படிப்பை எடுத்து ஏன் அத்திவாரத்துக்குள் போட வேண்டும்? உங்கள் மகள் சட்டம் படிக்கிறாள். மகன் என்ன செய்கிறான் அக்கா?

வாவிக்கரை:
மகனை ஏன் இழுக்கிறீர்கள்?

படுவான்கரையான்:
நீங்கள்தானே மகளை இழுத்தீர்கள். மகன் எங்கே?

வாவிக்கரை:
துபாயில். அவன் விரும்பித்தான் போனான். யாரும் பிடித்துத் தள்ளவில்லை. வாரத்துக்கு ஒருக்கால் எடுத்து "தங்கச்சியின் படிப்பு எப்படி அம்மா" என்றுதான் முதலில் கேட்பான். அந்த மனம் எங்கிருந்து வந்தது என்றுதான் நான் பேசுகிறேன். நீங்கள் காசுக் கணக்குப் பேசுகிறீர்கள்.

படுவான்கரையான்:
விரும்பித்தான் போனான். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு போனேன். விமான நிலையத்தில் அம்மாவுக்கு முன்னால் வேறு என்ன சொல்வது? ஒருநாள் அவனிடம் தனியாகக் கேளுங்கள்.

வாவிக்கரை:
என் பிள்ளையை எனக்குத் தெரியும். உங்களுக்கு மகள் இருக்கிறாளா?

படுவான்கரையான்:
இரண்டு பேர். ஒரு மகன்.

வாவிக்கரை:
மகள்மாருக்கு வளவு வாங்கியாயிற்றா?

படுவான்கரையான்:
வாங்கியிருக்கிறேன். இரண்டு பேருக்கும். வாங்காமல் இந்த ஊரில் எவன் பெண் கேட்டு வருவான்? ஆனால் என் மகனை ஒரு கல் தூக்கச் சொல்ல மாட்டேன். அவன் கூத்துப் பழக்கும் அண்ணாவியாரிடம் வடமோடிக் கூத்துப் பழகுகிறான், சதங்கை கட்டிவிட்டான், கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குப் போய் நாடகம் படிக்கப் போகிறேன் என்கிறான். படிக்கட்டும். அவன் சம்பளம் அவனுக்கு.

கச்சேரியடி:
கூத்தும் குடும்ப மரபுதானே? அது மட்டும் இனிக்கிறதோ?

படுவான்கரையான்:
எங்கள் பரம்பரையில் ஒருவரும் ஆடினதில்லை. அவன் தானாகப் போய்க் களரி ஓரத்தில் விடிய விடிய நின்று பழகினான்.

போடியார் பேரன்:
பார்த்தீர்களா, வரலாறு இல்லை என்று நான் முதலே சொன்னேன்.

காரைதீவான்:
இன்னும் கோயில் பெயர் வரவில்லை.

கல்முனைக்குடி நானா:
தம்பிமாரே, வளவு வாங்கினவர் வழக்கத்தைத் திட்டுகிறார், மகனை அனுப்பினவர் வழக்கத்தைப் புகழ்கிறார். இரண்டு பேரும் செய்வது ஒரே வேலைதானே?

வாவிக்கரை:
ஒரே வேலை இல்லை நானா. நான் பெருமையோடு செய்கிறேன், அவர் சபித்துக்கொண்டு செய்கிறார். பிள்ளை எதைப் பார்த்து வளரும்?

படுவான்கரையான்:
உங்கள் பெருமைக்கு உழைக்கிறது துபாயில் இருக்கிற பிள்ளை. வளவு அம்மம்மாவுடையது, உறுதி உங்களுடையது, எல்லாம் சரி. அந்த வீட்டில் கடைசியாக வைத்த கல்லுக்குக் காசு அனுப்பியது யார் என்று மட்டும் எழுதுங்கள்.

போடியார் பேரன்:
முதல் காளாஞ்சி எங்களுக்குத்தான். சந்தேகம் உள்ளவன் திருவிழாவுக்கு நேரே வந்து பார்.