தகட்டுக் கவசம் போட்டவர் விழுந்தால் எழ முடியுமா?

கரிகாலன்77:
இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றிக்காக 1520இல் செய்த, உடல் முழுக்க எஃகுத் தகடுகளால் மூடும் கவசம் லீட்ஸ் நகரின் ராயல் ஆர்மரீஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எடை 42 கிலோவுக்கு மேல். இதை மாட்டிக்கொண்டு ஒருவர் வாள் சுழற்றினார் என்றால் நான் நம்பத் தயாரில்லை. தகட்டுக் கவசம் அரசர்களின் பகட்டு. விழுந்தால் தூக்கிவிட நாலு பேர் வேண்டும்.

கொல்லன்_மகள்:
கரிகாலன், நீங்கள் பிடித்திருக்கும் உதாரணமே சரியில்லை. அது போருக்குச் செய்ததே இல்லை. பிரான்சின் கடற்கரை நகரான கலே அருகே பிரெஞ்சு மன்னர் பிரான்சிஸும் ஹென்றியும் சந்தித்த விழாவில், தரையில் நின்று மோதும் போட்டிக்காகச் செய்தது. பிரெஞ்சுக்காரர்கள் விதியை மாற்றியதால் பாதியில் நிறுத்திவிட்டார்கள். சுத்தியல், அரம் பட்ட தடம்கூட மெருகேறாமல் அப்படியே கிடக்கிறது.

எடையை விடுங்கள், முழங்கையின் உட்பக்கத்தைப் பாருங்கள். போர்க்கவசத்தில் அந்த இடம் திறந்திருக்கும், உள்ளே வளையப் பின்னல், அதாவது சின்னச் சின்ன இரும்பு வளையங்களைக் கோத்த வலை மட்டும்தான். இதிலோ குறுகிய தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி, கை மடங்கும்போது ஒன்றுக்குள் ஒன்று நழுவும்படி ரிவிட் அடித்திருக்கிறார்கள். முழங்காலின் பின்புறமும் அப்படியே. மொத்தம் 235 துண்டுகள். அசையவே போவதில்லை என்றால் இவ்வளவு மெனக்கெடுவார்களா?

போர்க்கவசம் பொதுவாக 20 முதல் 25 கிலோ என்கிறது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம். அந்தப் பாரமும் ஒரே இடத்தில் இறங்காது. தொடைத்தகடும் கைத்தகடும் உள்ளே போடும் பஞ்சுச் சட்டையில் கயிற்றால் கட்டப்படும், மார்புத்தகடு இடுப்பில் உட்காரும்.

கரிகாலன்77:
சரி, 2011இல் வெளியான ஆய்வுக்கு வருவோம். கவசம் போட்டுச் சண்டைக்காட்சி நடத்திப் பழகியவர்களையே டிரெட்மில்லில் ஏற்றினார்கள். நடக்கச் செலவான சக்தி இரண்டு மடங்குக்கும் மேல். காலில் மட்டும் 7, 8 கிலோ, ஒவ்வொரு அடிக்கும் அதைத் தூக்கிப்போட வேண்டும். மார்புத்தகட்டுக்குள் ஆழமாக மூச்சு இழுக்க முடியாமல் குட்டி குட்டியாக இழுத்தார்கள். அந்த ஆய்வு சொல்லும் போர்க்கவச எடையும் 30 முதல் 50 கிலோ, உங்கள் 25 இல்லை.

கொல்லன்_மகள்:
50 கிலோ என்பது குதிரைமேல் வந்து மோதும் ஈட்டிப் போட்டியின் கவசத்துக்குப் பொருந்தும், போர்க்களத்துக்கு இல்லை. அப்புறம், அந்த ஆய்வில் அவர்கள் ஓடவும் செய்தார்கள்! களைப்பது வேறு, எழ முடியாமல் கிடப்பது வேறு. பிரெஞ்சுத் தளபதி பூசிக்கோ தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு மீதியோடு கரணம் அடித்தார் என்று அவர் உயிரோடிருந்தபோதே எழுதிவைத்திருக்கிறார்கள்.

கரிகாலன்77:
தளபதியைப் புகழ எழுதிய வரலாறு அது. அதை வைத்து எல்லா வீரர்களையும் அளக்காதீர்கள்.

மழைக்காகம்:
இடையில் வருகிறேன். 1415, பிரான்சின் அஜின்கோர்ட்டில் ஆங்கிலப் படையும் பிரெஞ்சுப் படையும் மோதிய போர். உழுத வயல், மழைச்சேறு. பிரெஞ்சு வீரர்கள் கவசத்தோடு அதைக் கடந்து வந்தார்கள். விழுந்தவர்கள்மேல் பின்னால் வந்தவர்கள் விழுந்து, மூச்சுமுட்டிச் செத்தவர்கள் ஏராளம். கரிகாலன் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

கொல்லன்_மகள்:
மழைக்காகம், அன்று எதிரே நின்ற ஆங்கிலப் பிரபுக்களும் அதே மாதிரி தகட்டுக் கவசம்தான் போட்டிருந்தார்கள். ஜெயித்தவர்களுக்கு மட்டும் பாரம் இல்லையா?

மழைக்காகம்:
அவர்களும் முதலில் அம்பு எட்டும் தூரம் வரை முன்னேறினார்கள். ஆனால் பிறகு அங்கேயே நின்று காத்திருந்தார்கள். சேற்றில் நடந்து வந்து மோதிய பிரெஞ்சுக்காரர்தான் கைகலப்பு தொடங்கும்போதே களைத்திருந்தார்.

கரிகாலன்77:
அதுதான் என் வாதமும். கவசம் வெட்டைத் தடுத்தது, நான் மறுக்கவில்லை. போட்டவரின் மூச்சைத் தின்றதையும் கணக்கில் சேருங்கள்.

கொல்லன்_மகள்:
சேர்க்கிறேன். ஆனால் நீங்கள் தொடங்கியது "நாலு பேர் வேண்டும்" என்று. அஜின்கோர்ட்டில் அவர்களை எழவிடாமல் அமுக்கியது மேலே விழுந்த மனிதர்கள். அதற்குக் கவசத்தைக் குற்றம் சொல்ல நான் சம்மதிக்க மாட்டேன்.