புதுப்பிப்பு: அம்மாவின் ஒட்சிசன் அறைச் சிகிச்சை

மார்ச்சில் எழுதியிருந்தேன்: கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு இடுப்பில் கதிர்ச் சிகிச்சை எடுத்து ஆறு வருடங்களுக்குப் பிறகு, கல்லடியில் இருக்கும் அம்மாவுக்குச் சிறுநீரில் இரத்தம் போகத் தொடங்கியது. அழுத்த அறையில் தூய ஒட்சிசன் சுவாசிக்கும் சிகிச்சை பற்றிக் கேட்டிருந்தேன்.

சென்னைக்குப் போய் 40 அமர்வுகளை முடித்துவிட்டோம். கிழமைக்கு ஐந்து நாள், ஒவ்வொன்றும் ஒன்றரை மணித்தியாலம். கதிர் சிதைத்த இழையத்தில் புதிய நுண் குருதிக்குழாய்கள் மெல்ல முளைக்க வேண்டும். அதனால்தான் இத்தனை நாள்.

அம்மாவை வாட்டியது அழுத்தமல்ல, எண்ணெய்த் தடை! தீப்பற்றும் அபாயத்தால் தலையில் ஒரு சொட்டும் வைக்கக்கூடாது. எட்டு கிழமை வறண்ட தலையோடு இருந்ததை ஊர் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார். காது அடைத்தது, "வாவிக்குள் முங்கினது போல" என்றார். தூரப்பார்வையும் மங்கியது, இப்போது தெளிந்து வருகிறது.

இரத்தம் நின்று இரண்டு மாதம். மலக்குடல் தொல்லை அப்படியே இருக்கிறது. 2019இல் வெளியான நோர்டிக் நாடுகளின் ஆய்வு சிறுநீர்ப்பைக்குப் பலன் காட்டியது; குடலுக்கு 2016இன் பிரித்தானிய ஆய்வு காட்டவில்லை. இதை முன்பே வாசித்திருந்தால் அம்மாவிடம் அவ்வளவு அள்ளி வாக்குக் கொடுத்திருக்கமாட்டேன். அடுத்த பரிசோதனை தைப்பொங்கலுக்குப் பிறகு.