ஆன்டிபாடி ஒட்டுகிறதா, கழுவிப் போய்விடுகிறதா? க்யூசிஎம் சந்தேகம்

பிப்பெட்பிடித்தவன்:
க்யூசிஎம்மில் (மேலே எடை ஒட்டினால் அதிர்வெண் இறங்கும் படிகத் தராசு) ஆன்டிபாடி ஒட்டுவதை அளக்கிறேன். 5 மெகாஹெர்ட்ஸ் குவார்ட்ஸ் படிகம், தங்க மின்முனை, ஒரு பக்கம் மட்டும் திரவம். பஃபரில் (pH மாறாமல் வைக்கும் கரைசல்) அதிர்வெண் கோடு ஆடாமல் நிற்கிறது. ஆன்டிபாடியை விட்டதும் அதிர்வெண் செங்குத்தாக விழுந்து, பிறகு மெதுவாகச் சரிந்து, மொத்தம் 85 ஹெர்ட்ஸ் இறங்குகிறது. பஃபரால் கழுவினால் நொடிகளில் 60 ஹெர்ட்ஸ் திரும்ப ஏறிவிடுகிறது. ஒட்டியதில் முக்கால்வாசி போய்விட்டதா? மூன்று படிகம் மாற்றியாயிற்று, அதே கதைதான்.

ஈரக்கை:
காற்றுக்குமிழி இருக்கலாம். வெப்பநிலையையும் பாருங்கள், நீரில் ஒரு டிகிரி மாறினாலே ஏழெட்டு ஹெர்ட்ஸ் நகரும்.

பிப்பெட்பிடித்தவன்:
பஃபரின் வாயுவை நீக்கித்தான் விடுகிறேன். வெப்பநிலை 0.05 டிகிரிக்குள் நிற்கிறது.

மூன்றாம்மேல்சுரம்:
குமிழி மூன்று முறையும் ஒரே அளவில் வராதே. ஆன்டிபாடி ஸ்டாக் (செறிவான மூலக்கரைசல்) எதில் இருக்கிறது? டிஸ்ஸிபேஷனும் (அதிர்வின் ஆற்றல் இழப்பு) கூடவே ஏறி இறங்குகிறதா?

பிப்பெட்பிடித்தவன்:
ஆமாம், ஏறி இறங்குகிறது. ஸ்டாக்கில் 50% கிளிசரால். பத்து மடங்கு நீர்த்துத்தான் விட்டேன்.

மூன்றாம்மேல்சுரம்:
அதுதான் ஆள். நீர்த்த பிறகும் 5% மிச்சம் இருக்கிறதே. படிகம் எடையை மட்டும் உணர்வதில்லை, மேலே இருக்கும் திரவத்தின் அடர்த்தியையும் பாகுநிலையையும் சேர்த்தே உணர்கிறது. காற்றிலிருந்து தூய நீருக்கு வந்தாலே 5 மெகாஹெர்ட்ஸ் படிகம் சுமார் 700 ஹெர்ட்ஸ் இறங்கும். 1985இல் கனசாவாவும் கோர்டனும் தந்த சூத்திரப்படி, அந்த இறக்கம் அடர்த்தி, பாகுநிலை இரண்டின் பெருக்கற்பலனின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 5% கிளிசரால் பாகுநிலையை ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு கூட்டுகிறது. கணக்குப் போட்டால் அறுபது ஹெர்ட்ஸ் பக்கம் வரும். கோட்டின் செங்குத்துப் பகுதி கிளிசரால், மெதுவான சரிவுதான் ஆன்டிபாடி. ஆன்டிபாடி இல்லாமல் 5% கிளிசரால் பஃபரை மட்டும் விட்டுப் பாருங்கள்.

பிப்பெட்பிடித்தவன்:
விட்டேன். 61 இறங்கியது, கழுவியதும் 61 ஏறியது. இரண்டு வாரம் படிகத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேனே! சரி, அப்போது மிச்ச 25 ஹெர்ட்ஸை, அதிர்வெண் இறக்கத்தை எடையாக மாற்றும் சாவர்பிரே சமன்பாட்டில் போடலாமா?

மூன்றாம்மேல்சுரம்:
போடலாம். ஒரு ஹெர்ட்ஸுக்குச் சதுர செ.மீ.க்கு 17.7 நானோகிராம், ஆக 440 பக்கம். ஆனால் அதில் புரதம் பிடித்து வைத்திருக்கும் நீரின் எடையும் அடக்கம், ஆகவே ‘இவ்வளவு ஆன்டிபாடி’ என்று அறிக்கையில் எழுதிவிடாதீர்கள். கழுவிய பிறகும் டிஸ்ஸிபேஷன் கணிசமாக மிஞ்சினால் படலம் மெத்தென்று இருக்கிறது என்று பொருள், சாவர்பிரே அங்கே சரிப்படாது. அடுத்த முறை ஸ்டாக்கை டீசால்டிங் குழாயில் (சிறு மூலக்கூறுகளைப் புரதத்திலிருந்து பிரிக்கும் column) ஓட்டிக் கிளிசராலை எடுத்துவிட்டு விடுங்கள்.