காலையில புல் வெட்டுற மோவர் ஸ்டார்ட் ஆகவே மாட்டேங்குது, சனிக்கிழமைக்குள்ள உதவி வேணும்

புதுக்குடி:
எல்லாருக்கும் வணக்கம். குடும்பத்தோட வெளிநாட்டுக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகுது. வாடகை வீடு. பின்னாடி இருக்கிற புல்லை நாங்கதான் வெட்டணும்னு ஒப்பந்தத்துல இருக்கு. முன்னாடி குடியிருந்தவங்க விட்டுட்டுப் போன மோவர் ஒண்ணு ஷெட்ல கிடந்தது. காலையில கயிறை எவ்வளவு இழுத்தாலும் எடுக்கல, தோள்பட்டையெல்லாம் வலி. சனிக்கிழமை வீட்டுக்காரர் தரப்புல இருந்து பார்க்க வர்றாங்க, புல்லு முழங்கால் உயரம் நிக்குது. ராத்திரி தூக்கமே வரல. என்ன பண்ணலாம், யாராவது சொல்லுங்க.

ஓட்டுவீடு:
மோவரை அப்புறம் பாருங்க. முதல்ல வீட்டுக்குள்ள நுழைஞ்ச அன்னைக்கு எடுத்த போட்டோ இருக்கான்னு தேடுங்க. எங்க முதல் வீட்டுல, நாங்க வர்றதுக்கு முன்னாடியே இருந்த சுவர்க் கறைக்கு எங்க முன்பணத்துல கழிச்சுட்டாங்க. கையில ஆதாரம் இல்லாம பேசவே முடியல. எதுவா இருந்தாலும் எழுத்துல கேளுங்க, எழுத்துல பதில் வாங்குங்க.

மழைச்சாரல்:
பெட்ரோல்ல ஆயில் கலந்தீங்களா சகோ? 50 பங்குக்கு 1 பங்கு. கலக்காம ஓட்டினா பிஸ்டன் இறுகிடும்.

வேப்பநிழல்:
தயவுசெஞ்சு அவசரப்பட்டு கலந்துடாதீங்க. அது ரெண்டு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு. ஆயில் ஊத்த தனி மூடியும் அளவுக்குச்சியும் இருந்தா நாலு ஸ்ட்ரோக், அதுக்கு வெறும் பெட்ரோல்தான். எது வச்சிருக்கார்னு அவர் இன்னும் சொல்லவே இல்லையே.

மழைச்சாரல்:
சரி, அப்போ சட்டுனு பத்திக்கிற ஈத்தர் ஸ்ப்ரே அடிங்க. நான் எப்பவும் அதுதான் பண்றேன், உடனே எடுக்கும்.

வேப்பநிழல்:
அதைப் பழக்கமாக்கக் கூடாது. சிலிண்டர் சுவர்ல இருக்கிற ஆயில் படலத்தை ஈத்தர் கழுவி எடுத்துடும். கோளாறு எங்கயோ அதை விட்டுட்டு எஞ்சினைத் தேய்க்கிற வேலை அது.

கடலோரம்:
தம்பி, உந்தக் கயிறு இழுவை எனக்கும் நல்லாத் தெரியும். நாங்கள் வந்த முதல் பனிக்காலத்தில கார் ஸ்டார்ட் வராமல் றோட்டில நிண்டு அழுதிருக்கிறன். வேலைக்குப் பிந்தினால் சம்பளத்தில வெட்டு. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டக்கூடப் பயம். என்ன சொல்லிக் கேக்கிறது எண்டே தெரியாது.

ஓட்டுவீடு:
உண்மைங்க அக்கா. குழாய், பல்பு, பனி, புல்லு, எல்லாமே நம்ம தலையிலதான். வேலை முடிஞ்சு வந்து உக்கார நேரமில்ல. இதை யாரும் கிளம்புறப்ப சொல்லி அனுப்புறதில்ல.

கடலோரம்:
பிள்ளையளைப் பாக்கவும் ஒருத்தரும் இல்லை. ஒருத்தர் வேலைக்கு, ஒருத்தர் வீட்டில எண்டு மாறி மாறித்தான் எங்கட முதல் வருஷம் போச்சு.

பட்டறை:
தம்பிக்கு சனிக்கிழமை கெடு இருக்கு, அவர் கேட்டதுக்கு வருவோம். நாலு விஷயம் சொல்லுங்க. நாலு ஸ்ட்ரோக்கா? பெட்ரோல் எப்போ ஊத்தினது? காத்தைக் குறைக்கிற சோக் லீவர் இருக்கா, இல்ல பெட்ரோல் ஏத்த அமுக்குற ரப்பர் குமிழா? ஒரு தடவை ஓடி நிறுத்தினா, சூட்டோட மறுபடி எடுக்குதா?

புதுக்குடி:
அண்ணா, தனி ஆயில் மூடி இருக்கு. பெட்ரோல் டேங்க்ல ஏற்கெனவே இருந்ததுதான், எப்போ ஊத்தினதோ தெரியல. சிவப்பு ரப்பர் குமிழ் இருக்கு. நேத்து மதியம் ரொம்ப நேரம் கழிச்சு ஒரு வழியா ஓடுச்சு. நிறுத்திட்டு இழுத்தா ஒரே இழுப்புல எடுத்துச்சு.

பட்டறை:
இதை முதல்லயே சொல்லியிருந்தா பாதி வேலை முடிஞ்சிருக்கும். சூட்டுல ஒரே இழுப்புல எடுக்குதுன்னா தீப்பொறியும் சிலிண்டருக்குள்ள அழுத்தமும் (கம்ப்ரஷன்) பெரும்பாலும் சரி. குளிர்ல பெட்ரோல் சரியா ஆவியாகாது, அதனால ஸ்டார்ட் பண்ற நேரத்துல மட்டும் கூடுதல் பெட்ரோல் போகணும். உங்க வண்டியில அந்த வேலை ரப்பர் குமிழோடது. மெதுவா அமுக்கிப் பாருங்க, கைக்கு எதிர்ப்பு தெரியணும். தொளதொளன்னு இருந்தா குமிழ்ல வெடிப்பு இருக்கும்.

அடுத்தது அந்தப் பழைய பெட்ரோல். மாசக்கணக்கா கிடந்தா, சீக்கிரம் ஆவியாகிற பகுதி முதல்ல பறந்துடும். குளிர்ல பத்திக்க வேண்டியதே அதுதான். எத்தனால் கலந்ததுன்னா ஈரத்தையும் இழுத்து வச்சிருக்கும். முழுசா எடுத்துட்டுப் புதுசு ஊத்துங்க, எத்தனால் 10 சதவீதத்துக்கு மேல வேண்டாம். பழசைச் சாக்கடையில ஊத்தாதீங்க, அபாயக் கழிவு வாங்குற இடத்துல கொடுங்க.

அப்புறமும் அடம்பிடிச்சா, பெட்ரோலையும் காத்தையும் கலக்குற கார்ப்ரேட்டரோட கிண்ணத்தைக் கழட்டுங்க. நிறைய மாடல்ல கிண்ணத்தைப் பிடிச்சிருக்கிற போல்ட்லயே பெட்ரோல் போற சின்ன ஜெட் ஓட்டை இருக்கும், மெழுகு மாதிரி படிஞ்சு அடைச்சிருக்கும். கார்ப்ரேட்டர் கிளீனர் அடிச்சா போதும், கம்பியால குத்தினா ஓட்டை பெருசாகிடும். ஆயிலையும் பாருங்க. எஸ்ஏஇ 30ன்னு போட்ட ஆயில் குளிர்ல கெட்டியாகி கயிறே கனமா இருக்கும். சுமார் 4 டிகிரி செல்சியஸுக்குக் கீழ, குளிர்லயும் இளகி ஓடுற 10டபிள்யூ-30 ஆயில் நல்லது.

எதைத் தொடுறதுக்கு முன்னாடியும் ஸ்பார்க் பிளக் வயரைப் பிடுங்கிடுங்க. சாய்க்கிறதா இருந்தா ஏர் ஃபில்டர் பக்கம் மேல இருக்கணும், இல்லன்னா ஆயில் உள்ள இறங்கிடும். ஷெட்டுக்குள்ள ஓட்டவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

புதுக்குடி:
ரொம்ப நன்றிண்ணா. பார்த்தேன், குமிழோட அடியில நீளமா ஒரு வெடிப்பு. சனிக்கிழமைக்குள்ள கிடைக்குமா?

பட்டறை:
குமிழ் தனியாவே விக்கும். எஞ்சின் மேல உலோகத் தகட்டுல மாடல் நம்பர் பொறிச்சிருக்கும், அதைக் காட்டி வாங்குங்க. மாட்டினதும் மூணு தடவை நிதானமா அமுக்குங்க. கைப்பிடிக் கம்பியைச் சேர்த்துப் பிடிச்சுக்கிட்டுதான் இழுக்கணும், விட்டா தீப்பொறி வராது. பெட்ரோல் நாத்தம் பலமா அடிச்சா உள்ள ரொம்பிடுச்சுன்னு அர்த்தம், குமிழைத் தொடாம 15 நிமிஷம் விட்டுட்டு இழுங்க.

வேப்பநிழல்:
கிடைக்க லேட்டானா பக்கத்து வீட்டுல மோவர் இரவல் கேளுங்க தம்பி, பெரும்பாலும் தருவாங்க. முழங்கால் உயரப் புல்லை ஒரே வெட்டுல எடுக்காதீங்க, எஞ்சின் திணறி நின்னுடும். பிளேடை உச்ச உயரத்துல வச்சு ஒரு சுத்து, ஒண்ணு ரெண்டு நாள் கழிச்சு இறக்கி இன்னொரு சுத்து. பனி ஈரம் காஞ்ச பிறகு, வியாழக்கிழமையே ஆரம்பிச்சுடுங்க.